ஒரு பெயர், இரு நோய், இரு வித்து

தோலில் தோன்றும் வெள்ளைத் திட்டினைத் தமிழ் மக்கள் நெடுங்காலமாக வெண்குட்டம் என்று வழங்கி வந்துள்ளனர். குட்டம் என்பது 'குஷ்டம்' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். அச்சொல்லே தொழுநோயையும் குறிக்கும். இரு நோய்க்கு ஒரு பெயர் அமைந்ததனால் விளைந்த தீங்கு சிறிதன்று. எவரையும் தொற்றாத வெண்புள்ளி உடையாரைத் தொழுநோயாளர் என்று அஞ்சி ஒதுக்கினர். தொழுநோயின் தொடக்கத்தையோ, வெறும் தேமல் என்று எண்ணிக் காலங்கடத்தினர். இவ்விரண்டையும் மருத்துவம் பிரித்துக் காட்டிய வரலாற்றை இரு வித்துகளின் வழியே காணலாம்.

பழைய மருத்துவர் வேற்றுமை அறியாதவர் அல்லர். வெண்புள்ளியை வடநூலார் 'கிலாசம்' என்றனர். அதனைப் போக்க மூலிகையை வேண்டும் பாடல்கள் அதர்வ வேதத்திலேயே உள. சுச்ருதர் கிலாசத்தைக் குட்டத்தின் ஒரு வகையாகவே கருதினார். எனினும், அது தோலோடு நின்றுவிடும், அதில் நீர் வடியாது என்று வேறுபடுத்தியும் கூறினார். நூலார் கண்ட வேற்றுமை மக்கள் வழக்கில் மறைந்தது. பெயர் மட்டுமே நிலைத்தது.

முதலாவது வித்து நீரடிமுத்து. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் மரம் ஒன்றின் வித்து இது. இதன் எண்ணெயும், இதற்கு உறவான பர்மிய மரத்தின் சால்முக்ரா எண்ணெயும் தொழுநோய்க்கு மருந்தாயின. 1854இல் மௌவட் என்னும் மருத்துவர் வங்காளத்திலிருந்து சால்முக்ராவின் பயனை மேலை மருத்துவர்க்கு எடுத்துரைத்தார். குடித்தால் குமட்டும், ஊசியாக ஏற்றினால் தாங்கொணா வலி தரும். ஆயினும் வேறு நல்ல மருந்து இல்லாத காலம் அது. 1930இல் கோலாலம்பூருக்கு அண்மையில் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்புத் திறக்கப்பட்டபோதும் இவ்வெண்ணெயே முதன்மையான மருந்தாக இருந்தது.

நார்வே நாட்டு ஹான்சன் 1873இலேயே தொழுநோய்க் கிருமியைக் கண்டிருந்தார். அதனை வெல்லும் சல்போன் மருந்துகள் 1940களில் வந்தன, எண்ணெய் விடைபெற்றது. சுங்கை பூலோவின் பணி அத்துடன் முடியவில்லை. டாப்சோன் என்னும் சல்போன் மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமிகள் தோன்றிவிட்டதைப் பெட்டிட், ரீஸ் ஆகிய இருவர் 1964இல் முதன்முதலாக மெய்ப்பித்தது இங்குள்ள நோயாளரிடம் செய்த ஆய்வின் வாயிலாகவே. ஒரு மருந்தை மட்டும் நம்புதல் ஆகாது என்பது தெளிவாயிற்று. 1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை வகுத்தது. இன்று தொழுநோய் முற்றிலும் குணமாகும்.

இரண்டாவது வித்து கார்போக அரிசி. பெயரில் அரிசி இருப்பினும் இது நெல்லரிசி அன்று. ஒரு செடியின் கறுத்த சிறு விதை. நலங்கு மாவில் சேர்க்கும் பொருளாகையால் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதன்று. இதனை அரைத்துப் பூசி வெயிலில் இருக்கச் செய்வது வெண்புள்ளிக்குரிய பழைய மருத்துவம். 13ஆம் நூற்றாண்டில் இப்னு அல் பைத்தார் என்னும் அரபு மருத்துவரும் வேறொரு செடியின் விதையைக் கொடுத்து நோயாளரை வெயிலில் இருத்தும் முறையை எழுதி வைத்தார்.

மருந்தோடு வெயில் எதற்கு? 1933இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வேங்கடராவ் என்னும் இந்திய வேதியியலார் கார்போக அரிசியிலிருந்து சோரலென் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அரபு மருத்துவர் கூறிய செடியிலும் இவ்வினப் பொருளே இருந்தது. அதனைக் கொண்டு வெண்புள்ளிக்கு மருத்துவம் செய்த முடிவுகளை எகிப்தின் எல் மோஃப்டி 1948இல் வெளியிட்டார். இப்பொருள் கதிரவனின் புறவூதாக் கதிரைத் தோல் மிகுதியாக உணருமாறு செய்து, எஞ்சியுள்ள நிற உயிரணுக்களைத் தூண்டுகிறது. எலுமிச்சைச் சாறு பட்ட கை வெயிலில் கறுத்துப் போவதும் இவ்வினப் பொருளாலேயே. ஆனால் அளவு மிகுந்தால் தோல் வெந்து கொப்புளிக்கும். ஆகவே மருத்துவரின்றித் தாமே அரைத்துப் பூசுதல் தகாது. இன்று பெரும்பாலும் சோரலென் இல்லாமலே, அளந்த புறவூதாக் கதிரைக் கொண்டு மருத்துவம் செய்கின்றனர்.

ஒரு வித்து கிருமியோடு போரிட்டது. மற்றொன்று இழந்த நிறத்தை மீட்க முயன்றது. நோய்கள் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குன்றும். வெண்புள்ளியில் உணர்ச்சி மாறாது. உணர்ச்சியற்ற திட்டினைக் கண்டால் உடனே மருத்துவரை நாடவேண்டும்.

மருத்துவம் பிரித்ததை மொழியும் பிரித்தல் வேண்டும். 'வெண்புள்ளி' என்னும் நல்ல சொல் தமிழில் இருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளையின் முகத்தில் வெள்ளைத் திட்டுத் தோன்றும் நாளில், அப்பிள்ளையின் அருகே மற்றவர் அமர்வதும் விலகுவதும் ஆசிரியர் எச்சொல்லைச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது.