பிறந்த திகதியும் உதைபந்தாட்டமும்

விளையாட்டுக் களம் திறமையைச் சோதிக்கும் இடம் என்று பொதுவாகச் சொல்லப்படுகின்றது. ஆனால், எட்டு வயதுச் சிறுவர் இருவர் ஒரு பந்தின் பின்னே ஓடும்போது அவர்களுள் ஒருவன் முந்துவதற்குக் காரணம் அவனது திறமைதானா, அல்லது அவன் பதினொரு மாதம் முன்னதாகப் பிறந்தமைதானா என்ற வினாவை நெடுங்காலமாக எவரும் எழுப்பவில்லை. முப்பது வயதினர் இருவருக்கிடையே பதினொரு மாத வேறுபாடு ஒரு பொருட்டன்று. எட்டு வயதினருக்கோ அது, வாழ்ந்த காலத்தில் எட்டில் ஒரு பங்கை நெருங்குவது. அக்காலத்தினுள் கால் நீளும், மூச்சு நிலைபெறும், பயிற்றுநர் சொல்வதை விளங்கிக்கொள்ளும் பக்குவமும் கூடும். ஆகவே, சிறுவரை வயதுப்படி பிரிக்கும் கோட்டை ஆண்டின் எந்த நாளில் இடுவது என்பது எழுதுவினைஞரின் ஏட்டுக் கணக்குப் போலத் தோன்றினும், எண்ணற்ற பிள்ளைகளின் வாய்ப்பையும் அவர்தம் குடும்பங்களின் அன்றாட ஒழுங்கையும் அது தீர்மானிக்கின்றது.

வயதுப் பிரிவு நல்ல நோக்கத்திலேயே தோன்றியது. பத்து வயதுப் பிள்ளை பதினைந்து வயதினனோடு மோதி விழக்கூடாது என்பதே அதன் அடிப்படை. பாடசாலைகள் தம் வகுப்புக்களைக் கொண்டு மாணவரைப் பிரித்தன. கழகங்களும் அவ்வழியே நடந்தன. பின்னர் நாடுகளுக்கிடையே இளைஞர் போட்டிகள் பெருகின. ஐரோப்பிய இளைஞர் குழுக்கள் 1948இல் இலண்டனிற் கூடின. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் முதலாவது உலக இளைஞர் போட்டி 1977இல் துனீசியாவில் நடைபெற்றது. பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான போட்டி 1985இற் சீனாவில் ஆரம்பமாயிற்று. பாடசாலை ஆண்டோ நாட்டுக்கு நாடு வேறுபடுவது. இங்கிலாந்தில் அது செப்டெம்பரிலும் யப்பானில் ஏப்பிரலிலும் தொடங்குகின்றது. உலகப் போட்டிக்கு இவையெல்லாம் பொருந்தா. யாவர்க்கும் பொதுவான ஒரு நாள் வேண்டியிருந்தது. சம்மேளனம் 1988இல் ஓகஸ்ட் முதலாந் திகதியை அந்நாளாகக் கொண்டது. 1997இல் அதனை ஜனவரி முதலாந் திகதிக்கு மாற்றியது.

இவ்வாறு கோடு இடப்பட்ட இடமெல்லாம் ஒரு மறைவான அநீதியும் உடன் நின்றது என்பதை முதலில் தெளிவாகக் கண்டது உதைபந்தாட்ட உலகமன்று. கனடாவின் பனித்தரை ஹொக்கி உலகமே. உளவியலாளர் ரொஜர் பார்ன்ஸ்லியும் அவர்தம் துணையாளரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டின் தேர்ந்த ஹொக்கி வீரர்களுள் ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தோர் மிகுந்தும் இறுதி மாதங்களிற் பிறந்தோர் அருகியும் இருப்பதை எடுத்துக்காட்டியது. ஜனவரி முதலாந் திகதியே அங்கு வயதுக் கோடு. ஜனவரியிற் பிறந்த சிறுவன் தன் பிரிவில் மூத்தவன். ஆதலின் உருவிற் பெரியவன். ஆதலின் தேர்வில் முந்துபவன். தேர்வு பெற்றவனுக்கு நல்ல பயிற்றுநரும் கூடுதலான ஆட்டங்களும் கிடைத்தன. தொடக்கத்தில் வயது தந்த சிறு முந்துதல் சில ஆண்டுகளில் மெய்யான திறமையாகவே மாறிற்று. டிசெம்பரிற் பிறந்தவனோ தன்னிடம் ஆற்றல் இல்லை என்று நம்பி ஒதுங்கினான். அவனிடம் குறைந்திருந்தது ஆற்றல் அன்று, சில மாதங்களே என்பதை அவனுக்குச் சொல்வார் இருக்கவில்லை.

இது பருவகாலத்தின் விளைவா, விண்மீன்களின் விளைவா, அல்லது வெறுமனே அந்தக் கோட்டின் விளைவா? இவ்வினாவுக்குக் கோடு நகர்ந்த நாடுகளே விடையளித்தன. ஜேர்மனி, பிரேசில், யப்பான், அவுஸ்திரேலியா ஆகிய நான்கு நாடுகளின் உதைபந்தாட்ட வீரர்களை யோகன் மூஷ், ரோய் ஹே என்னும் இருவரும் ஆராய்ந்து 1999இல் தம் முடிவை வெளியிட்டனர். தட்பவெப்பமும் பண்பாடும் வேறுபட்ட அந்நாடுகள் அனைத்திலும், கோட்டை அடுத்துப் பிறந்தோரே முந்தி நின்றனர். அவுஸ்திரேலியாவிற் கோடு நகர்ந்தபின் முந்தி நிற்போரின் பிறந்த மாதங்களும் கூடவே நகர்ந்தன. பெல்ஜியத்திற் கிடைத்த சான்று இன்னும் தெளிவானது. அங்கு 1997இல் ஓகஸ்ட் நீங்கி ஜனவரி வந்தது. லூவேன் பல்கலைக்கழகத்து வேர்னர் ஹெல்சனும் அவர்தம் துணையாளரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, இளம் பிரிவுகளில் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தோர் விரைவிலேயே 'திறமைசாலிகள்' ஆயினர். முன்னர் அப்பெயர் பெற்றிருந்த ஓகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர் மாதத்தார் பின்தள்ளப்பட்டனர். பிள்ளைகள் மாறவில்லை, அவர்தம் கால்களும் மாறவில்லை, நாட்காட்டியில் இட்ட கோடு மட்டுமே மாறியது. ஹெல்சன் குழுவினர் 2005இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பத்து ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 2175 வீரர்களின் பிறந்த திகதிகளை நோக்கியது. ஆண்பிள்ளைகளின் தேசிய இளைஞர் குழுக்களிலும் ஆண்டின் முதற் காற்பகுதியிற் பிறந்தோரே மிகுந்திருந்தனர்.

இவை யாவும் வீரரைத் தேர்வோர் பற்றிய செய்திகள். கோட்டு மாற்றம் குடும்பங்களை எவ்வாறு தொட்டது என்பதை ஐக்கிய அமெரிக்காவின் அண்மை வரலாறு காட்டுகின்றது. அங்கு நெடுங்காலம் ஓகஸ்ட் முதலாந் திகதி தொடங்கி யூலை இறுதி வரையுமே ஒரு வயதுப் பிரிவு கணிக்கப்பட்டது. மாகாணங்கள் பலவற்றிற் பாடசாலைச் சேர்க்கைக் கோடு செப்டெம்பர் முதலாந் திகதியை ஒட்டியிருந்தமையால், ஒரே வகுப்பிற் படித்தோர் பெரும்பாலும் ஒரே குழுவில் ஆடினர். 2015இல் அந்நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனம் இம்முறையை மாற்றிப் பிறந்த ஆண்டே பிரிவின் அளவுகோல் ஆகும் என அறிவித்தது; 2017இல் அது கட்டாயமாயிற்று. சர்வதேச வழக்கோடு ஒத்துப்போதலும், பிறந்த திகதி பற்றிய விளக்கத்தைத் தெளிவாக்குதலும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். சிறுவர் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு நால்வர், எழுவர், ஒன்பதின்மர் என வயதுக்கேற்பத் தொகையைக் குறைக்கும் நல்ல விதியும் அதனோடு சேர்ந்தே வந்தது.

ஆயினும் வீடுகளுக்கு முதலில் எட்டியது பிரிவுத் துயரே. 2007 ஒக்டோபரிற் பிறந்த பிள்ளை ஒன்றை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். பழைய முறையில் அப்பிள்ளை 2008 யூலை வரை பிறந்தோரோடு, அதாவது தன் வகுப்புத் தோழரோடு, மூத்தோருள் ஒருவனாக ஆடினான். புதிய முறையில் அவன் 2007 ஜனவரி முதற் பிறந்தோரின் நடுவே இளையவனானான். உடனாடுவோரிற் பலர் மேல்வகுப்பு மாணவர். தோழமையால் இணைந்த குழுக்கள் நாட்காட்டியால் இரண்டாகப் பிளந்தன. ஒரே பாடசாலைப் பிள்ளைகளை முறை வைத்து ஒரே காரில் அழைத்துச் சென்ற பெற்றோர் வெவ்வேறு நாளில் வெவ்வேறு திடலுக்குச் செல்ல நேர்ந்தது. ஏழெட்டு வயதுப் பிள்ளை பெரும்பாலும் பந்துக்காக மட்டும் களத்துக்குச் செல்வதில்லை. தன் நண்பனுக்காகவும் செல்கின்றது.

மற்றுமோர் இடர் சில ஆண்டுகளின் பின் வெளிப்பட்டது. ஒன்பதாம் வகுப்பை எட்டிய மாணவர் உயர்பாடசாலைக் குழுவில் ஆடுவது அந்நாட்டு வழக்கம். அப்பருவத்திற் கழகக் குழுக்கள் பல ஓய்ந்துவிடும். ஓகஸ்ட் முதல் டிசெம்பர் வரை பிறந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கழகத் தோழர் பலர் உயர்பாடசாலைக்குப் போய்விட, அப்பிள்ளை ஆடக் குழுவின்றி நின்றது. 'பொறியில் அகப்பட்ட ஆட்டக்காரர்' என அங்குள்ளோர் இவர்களுக்குப் பெயரிட்டனர். கழகக் கட்டணம் செலுத்திய பெற்றோர் தம் பிள்ளைக்குக் குழுத் தேடி அலைய நேர்ந்தது.

முறைப்பாடுகள் பெருகின. 2024 நவம்பரிற் சம்மேளனம், 2026-27 பருவம் முதல் ஒவ்வோர் உறுப்புச் சங்கமும் தன் கோட்டைத் தானே வகுக்கலாம் எனத் தீர்மானித்தது. மூன்று பெரிய இளைஞர் சங்கங்கள் கூடி 2025இல் முதலிற் செப்டெம்பர் முதலாந் திகதியை அறிவித்துப் பின் ஓகஸ்ட் முதலாந் திகதியையே உறுதிசெய்தன. கோடு பழைய இடத்துக்கே மீண்டது. எனினும், மீளும் கோடும் சில குழுக்களைப் பிரித்தே மீளும். பிறந்த ஆண்டு முறையில் நண்பரானோரும் குழந்தைகளே அல்லரோ! அன்றியும், தேசியக் குழுக்கள் உலகப் போட்டிக்கான ஜனவரிக் கோட்டையே பின்பற்ற வேண்டும். ஆதலின் இருவேறு கணக்குகள் ஒரே நாட்டில் அருகருகே நிற்கும்.

எந்த நாளைக் கொண்டாலும் அந்நாளுக்கு முந்திய நாளிற் பிறந்த பிள்ளை ஒன்று இருக்கவே செய்யும். கோட்டை நகர்த்துவதால் அநீதி ஒழிவதில்லை; ஒரு மாதத்தாரிடமிருந்து மற்றொரு மாதத்தாரிடம் கைமாறுகின்றது. இதனை உணர்ந்தோர் வேறு வழிகளையும் நாடினர். பெல்ஜியச் சங்கம் மெல்ல வளரும் சிறுவர்க்கெனத் தேசிய மட்டத்திலேயே தனிக் குழுக்களை அமைத்தது. இங்கிலாந்தின் முதன்மைப் பிரிவுக் கழகங்களின் அமைப்பு 2015 முதல், வயதைக்கொண்டன்றி உடல் வளர்ச்சியின் முதிர்வைக்கொண்டு சிறுவரைப் பிரித்து ஆடவைத்துப் பார்த்தது.

இவ்வழிகள் எல்லாவற்றினும் எளியது, சிறு வயதிற் பொறுக்கியெடுக்கும் அவசரத்தைத் தணிப்பது. பத்து வயதில் எவரும் விலக்கப்படாத இடத்திற் கோடு எந்த மாதத்தில் நின்றாலும் தீங்கு சிறிதே. ஓகஸ்ட் பாடசாலைக்கு இசைவானது. ஜனவரி உலகப் போட்டிக்கு இசைவானது. பிள்ளையின் தோழமை பாடசாலையில் இருப்பதனால், சிறுவர் ஆட்டத்துக்குப் பாடசாலைக் கோடே ஏற்றது எனலாம். ஆனால், கோட்டை மாற்றுவோர் முன்கூட்டியே அறிவித்து, இருக்கும் குழுக்களை இயன்றவரை சிதையாது காத்து மாற்றுதல் வேண்டும். நாட்காட்டியிற் கோடு இடுவது ஒரு நாட் பணி. அக்கோட்டின் எப்பக்கம் நின்றாலும் ஒரு பிள்ளைக்குப் பந்தும் நண்பனும் கிட்டச் செய்வதோ ஆண்டுதோறும் செய்யவேண்டிய பணி.