பிள்ளைக்கு நோய், தாய்க்குப் பத்தியம்: சமயபுரத்துப் பச்சைப் பட்டினி விரதம்

மாரியம்மன் வழிபாடு என்றாலே, சினம் கொண்ட தெய்வத்தைத் தணிக்கும் முயற்சி என்று எழுதிவிடுவது ஆய்வுலகின் நெடுநாள் பழக்கம். சென்னை ஆயராக இருந்த ஹென்றி வைட்ஹெட், தென்னிந்தியக் கிராம தெய்வங்கள் பற்றி 1916இல் வெளியிட்ட நூல் இப்பார்வைக்கு வலுவூட்டியது. பலியும் சாந்தியுமே அதில் முன்னிற்கின்றன. திருச்சிக்கு வடக்கே, கொள்ளிடத்தைக் கடந்தால் வரும் சமயபுரத்தில் ஆண்டுதோறும் நிகழும் ஒரு நோன்பு இந்தச் சட்டகத்துக்குள் அடங்க மறுக்கிறது. அங்கே பட்டினி கிடப்பவள் அம்மன்.

மாசிக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதலோடு தொடங்கும் பச்சைப் பட்டினி விரதம் பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள் நீள்கிறது. உலக மக்களின் நலம் வேண்டி அம்மனே இருக்கும் விரதம் என்பது கோயில் மரபு. அந்நாட்களில் தளிகை நைவேத்தியம் கிடையாது. இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு, பழங்கள் மட்டுமே படையல். துள்ளுமாவும் ஊறவைத்த பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்ப்பதுதான், அடுப்பேறாதது.

கோடைக்கு ஏற்ற குளிர்ச்சி உணவு என்று இதை ஒதுக்கிவிடலாம். பருவம் உணவுக்குக் காரணம் சொல்லும். விரதம் இருப்பவள் ஏன் அம்மன் என்பதற்குச் சொல்லாது. விடை வீட்டு வழக்கில் இருக்கிறது. அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை, தாளிப்பதில்லை, வாசலில் வேப்பிலை தொங்கும். கட்டுப்பாடு நோயாளியோடு நிற்காமல் வீட்டையே பிடிக்கிறது. பால்குடிப் பிள்ளைக்கு நோய் வந்தால் தாய் மருந்துண்டு பத்தியம் இருப்பதும் தமிழ் மருத்துவ மரபு நன்கறிந்த ஒன்று. சமயபுரத்து விரதம் இந்தத் தாயின் பத்தியமே என்பது என் வாதம். (மூலவர் சுதைத் திருமேனி என்பதால் அபிஷேகம் உற்சவருக்கே நடக்கிறது. அம்மை கண்டவரைக் குளிப்பாட்டாத வழக்கத்தோடு இதை முடிச்சுப்போட ஆசை வரும். ஆனால் திருமேனியின் பொருளே போதிய காரணமாக இருக்கும்போது அது சான்றாகாது.)

அம்மனை ஒரு குடும்பத்துப் பெண்ணாகவே காணும் மனம் இக்கோயிலின் வேறு சடங்கிலும் வெளிப்படுகிறது. தைப்பூசத்தையொட்டி அவள் கொள்ளிடக்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போது, ஸ்ரீரங்கம் ரங்கநாதர் அண்ணன் முறையில் பட்டுச்சேலை, மாலை முதலிய சீர் அனுப்புகிறார். சைவ, வைணவ ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்லி முடித்துக்கொள்வது எளிது. பிறந்தகம் உள்ள பெண்ணுக்கே சீர் வரும் என்பதல்லவா இதில் கவனிக்க வேண்டியது?

பெரியம்மையின் கடைசித் தொற்று இந்தியாவில் 1975இல் பதிவானது. 1980இல் உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அச்சம் மட்டுமே அடித்தளமாக இருந்திருந்தால் விரதம் அதன்பின் தேய்ந்திருக்க வேண்டும். இன்றும் மாசியில் ஊர் ஊராகப் பூக்கூடைகள் வருகின்றன. மஞ்சளாடை உடுத்திப் பக்தர்களும் விரதம் ஏற்கிறார்கள். நோய் போன பின்னும் பிள்ளைகள் இருக்கிறார்களே.

அலகும் தீச்சட்டியும் சமயபுரத்திலும் உண்டு. வேண்டுதலுக்கு ஈடு செலுத்தும் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கணக்கின் வரிசையைப் பார்க்க வேண்டும். நேர்த்திக்கடன்கள் பெருந்திரளாகக் குவியும் சித்திரைத் தேர், அம்மனின் 28 நாள் பட்டினி முடிந்த பிறகே வருகிறது. பக்தர் செலுத்துவதற்கு முன்பே அவள் தன் பங்கைச் செலுத்திவிடுகிறாள்.