காப்பித் தோட்டத்துச் சோகை



களை எடுக்க வந்த ஆள் நாலு பாத்தி முடிப்பதற்குள் வரப்பில் உட்கார்ந்து விடுகிறார். உடனே நாம் என்ன சொல்வோம்? "சரியான சோம்பேறி" என்போம். நானும் ஒருத்தரை அப்படி மனசுக்குள் திட்டியதுண்டு. பிறகுதான் அவருடைய கீழ் இமையைக் கவனித்தேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பு! இந்தப் பழிச்சொல்லை ஒரு தீவே சுமந்த கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

போர்ட்டோ ரிக்கோ என்பது கரிபியன் கடலில் உள்ள தீவு. மலைச் சரிவில் காப்பி, கடலோரத்தில் கரும்பு. 1898-ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்குப் போனது. மறு வருஷமே, 1899 ஆகஸ்டு 8-ந் தேதி, பெரும் புயல் அடித்தது. மூவாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். காப்பித் தோட்டங்கள் நாசம். மலையில் இருந்த கூலி ஜனங்கள் பான்சே நகருக்கு இறங்கி வந்தார்கள். அங்கே கூடார ஆஸ்பத்திரியில் பெய்லி ஆஷ்ஃபோர்டு என்ற இளம் இராணுவ டாக்டர் இருந்தார்.

வந்தவர்களைப் பார்த்தால் முகம் மெழுகு மாதிரி, கால் வீக்கம், நாலடி நடந்தால் மேல்மூச்சு. சாப்பாடு இல்லாத சோகை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். டாக்டரும் நம்பி, நல்ல சாப்பாடு போட்டார், மருந்தும் கொடுத்தார். வயிறு நிறைந்ததே தவிர, வெளுப்பு மாறவில்லை. வேறு ஒருவராயிருந்தால் தலைவிதி என்று விட்டிருப்பார். இவர் இரத்தத்தைச் சோதித்தார், பிறகு மலத்தையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். முட்டை முட்டையாகக் கிடந்தது. எல்லாம் கொக்கிப்புழுவின் முட்டை!

இந்தப் புழு அதற்கு முன்பே தெரிந்ததுதான். இத்தாலியில் டுபினி என்பவர் 1838-ல் ஒரு பிணத்தின் குடலில் கண்டார். 1880-ல் ஆல்ப்ஸ் மலையில் கோத்தார்டு ரயில் சுரங்கம் தோண்டிய ஆட்கள் சோகையால் விழுந்தபோதும் இதுவே காரணம் என்று கண்டார்கள். எப்படி உடம்புக்குள் நுழைகிறது என்பதுதான் புதிர். கெய்ரோவில் லூஸ் என்ற ஜெர்மானியரின் கையில் புழுக்குஞ்சு கலந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. அந்த இடம் அரித்தது. பிற்பாடு அவர் மலத்திலேயே முட்டை வந்தது. ஆக, வாய் வழியாக மட்டுமல்ல, தோலைத் துளைத்துக் கொண்டும் போகிறது!

காட்டுப் பக்கம் ஒதுங்குகிறோம் அல்லவா, அந்த மலத்தில் முட்டை இருந்தால் ஈர மண்ணில், நிழலில், இரண்டொரு நாளில் பொரிந்து விடும். ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு தயாராகி, வெறுங்கால் எப்போது வரும் என்று காத்திருக்கும். காலில் ஏறி, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலில் போய்க் கவ்விக் கொள்ளும். அரை அங்குலம்கூட இல்லாத புழு. ஒன்று குடிப்பது சொட்டுக் கணக்குத்தான்; நூறு இருந்தால்? மடையில் ஓட்டை இருக்கும்போது எத்தனை கவலை இறைத்து என்ன பயன்! காப்பித் தோட்டத்து நிழலும் ஈரமும் அதற்கு மெத்தை போட்ட மாதிரி. நம் கொடிக்காலும் வாழைத் தோப்பும் அப்படித்தான்.

1904-ல் அங்கே சோகைக் கமிஷன் ஒன்று அமைத்து, மலைப் பக்கம் கூடாரம் அடித்தார்கள். கொடுத்த மருந்து தைமால். நம் ஓமத்தில் இருக்கிற சத்துதான். அதற்காக ஓமத்தண்ணி குடித்தால் போதும் என்று நினைத்து விடாதீங்க, அந்த அளவு வேறு. சில வருஷங்களில் சுமார் 3 லட்சம் பேருக்கு வைத்தியம் நடந்தது. ஆனால் கக்கூஸ் இல்லாத தோட்டத்துக்கே வெறுங்காலோடு திரும்பியவர்களுக்குப் புழு மறுபடி வந்தது. கமிஷன்காரர்கள் கடைசிவரை போராடியது இதோடுதான்.

நான் சொன்ன களையெடுப்பு ஆளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். அல்பெண்டசோல் மாத்திரையும், கூடவே சில மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். இப்போது அவர் வரப்பில் உட்காருவது வெற்றிலை போட மட்டும்தான்.