சூளை முக்காலி

சூளை முக்காலி என்பது மெருகு பூசிய மண்கலங்களைச் சூளையில் சுடும்போது அவற்றின் அடியில் வைக்கப்படும், மூன்று முனைகளைக் கொண்ட சிறு தாங்கி ஆகும். இது ஆங்கிலத்தில் ஸ்டில்ட் எனப்படும். வீட்டில் அமரும் முக்காலியும், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தேநீர் மேசையும் இதே தத்துவத்தில் அமைந்தவையே.

மூன்று கால் ஏன்?

ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கின்றன. எனவே மேடுபள்ளமான தரையிலும் முக்காலி ஆடுவதில்லை. ஆயினும், சுமையின் ஈர்ப்பு மையம் கால்களை இணைக்கும் முக்கோணத்துக்கு வெளியே சென்றால் அது கவிழும். இங்கிலாந்தின் மகோகனி மேசைகளில் மூன்று வளைந்த கால்கள் நடுத்தூணின் அடியில் செருகப்பட்டிருக்கும். அவ்விணைப்பு பிளவாதிருக்க அடியில் இரும்புத் தகடு அறைவதும், பீங்கான் கோப்பைகள் வழுக்கி விழாதிருக்க மேற்பலகையின் விளிம்பை உயர்த்துவதும் உண்டு. பார்வைக்கு அழகானது, எனினும் விளிம்பில் கையூன்றுதல் ஆகாது.

சூளையில்

கிளேசு எனப்படும் மெருகுப்பூச்சு, சூட்டில் கண்ணாடியாக உருகும். கலத்தை நேரே சூளைத் தட்டில் வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிரிக்க முயன்றால் கலம் உடையும். முக்காலியின் கூர்முனைகள் மட்டுமே கலத்தைத் தொடுவதால் மூன்று சிறு வடுக்களே எஞ்சும். இவை விரலைக் கிழிக்கக்கூடியவை ஆதலால் உரைகல்லால் தேய்க்கப்படும். முக்காலி, கலத்தைவிட அதிக வெப்பம் தாங்கும் களிமண்ணால் செய்யப்படவேண்டும்.

ஏறத்தாழ 1100 பாகை செல்சியசு வரை சுடப்படும் கலங்களுக்கே இது ஏற்றது. 1250 பாகைக்கு மேல் சுடப்படும் பீங்கான், சூட்டில் இளகி முனைகளுக்கிடையே தொய்ந்துவிடும். ஆகவே பீங்கான் கோப்பையின் அடிவளையத்தில் மெருகைத் துடைத்துவிட்டு நேரே தட்டில் வைப்பர். கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தால் சொரசொரப்பான இவ்வளையத்தைக் காணலாம்.

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் இங்கு உள்ளது. இத்தகைய ஊர்களில் செய்யப்படும் பொம்மைகளின் அடிப்பகுதி கண்ணில் படாதது என்பதால், அதனை மெருகின்றி விட்டாலே போதும், முக்காலி தேவைப்படாது. எல்லாப் பக்கமும் மெருகிட்ட பொருளுக்கே அது இன்றியமையாதது.

தொல்லியல் சான்று

மேற்காசியாவின் இடைக்காலக் கிண்ணங்கள் சிலவற்றில் வடுக்கள் உட்புறத்தில் காணப்படுகின்றன. சூளையில் இடம் மிச்சப்படுத்த ஒன்றின்மேல் ஒன்றாக, இடையே முக்காலி வைத்து அடுக்கியதே காரணம். கலங்கள் வணிகத்தால் தொலைதூரம் செல்லும். முக்காலிகளோ பெரும்பாலும் சூளையருகிலேயே கிடக்கும். எனவே அகழாய்வில் இவை கழிவுக் கலங்களோடு கிடைத்தால், அவ்வூரிலேயே மண்கலம் சுடப்பட்டதற்கு வலுவான சான்றாகக் கொள்ளப்படுகிறது.