சில்லன்பா கண்ட ஏழைக் குடியானவன்

பின்லாந்தின் ஏழைக் குடியானவனை உலகம் அறியச் செய்தவர்களுள் ஒருவர் பிரான்ஸ் ஏமில் சில்லன்பா. அவர் 1888ஆம் ஆண்டில் ஹமீன்கூரோ என்னும் கிராமப் பகுதியிலே வறிய குடும்பமொன்றிற் பிறந்தார். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம் பயின்றாராயினும், பட்டம் பெறாமலே 1913ஆம் ஆண்டில் ஊருக்கு மீண்டார்.

அக்காலத்திலே நிலமற்ற குடியானவர் பலர், நிலக்காரரின் காணியில் ஒரு துண்டைப் பெற்றுக் குடிசை கட்டி வாழ்ந்தனர். அதற்குரிய குத்தகையைப் பெரும்பாலும் நிலக்காரரின் வயலில் உழைத்தே தீர்த்தனர். காடு வெட்டித் தாம் திருத்திய நிலத்தினின்றும் வெளியேற்றப்படும் அச்சம் அவர்களை விட்டு நீங்கவில்லை.

1917ஆம் ஆண்டு டிசெம்பரில் நாடு ருஷ்யாவினின்றும் விடுதலை பெற்றது. அடுத்த மாதமே உள்நாட்டுப் போர் மூண்டது. தொழிலாளரும் நிலமற்றோரும் பெருமளவிற் செம்படையைச் சார்ந்தனர். 1918ஆம் ஆண்டு மே மாதத்தில் வெண்படை வென்றது. தோற்றோரில் ஆயிரக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சிறைமுகாம்களிலே பசியாலும் நோயாலும் மேலும் பலர் மாண்டனர். வென்றோர் அவர்களைத் துரோகிகள் என்றே கருதினர்.

இந்நிலையில், 1919ஆம் ஆண்டிலே, 'பயபக்தியுள்ள வறுமை' எனப் பொருள்படும் பெயருடைய நாவலைச் சில்லன்பா வெளியிட்டார். அதன் நாயகன் யுஹா தொய்வொலா, செம்படையைச் சார்ந்ததனாற் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு கிழவன். அவனது சாவை முதலிலே கூறிவிட்டு, ஆசிரியர் அவன் பிறப்புக்குத் திரும்புகிறார். 1866 முதல் 1868 வரை நாட்டை வாட்டிய பஞ்சத்தில் மக்களுள் நூற்றுக்கு 8 பேர் வரையில் மடிந்தனர். அப்பஞ்சம் அவனை அநாதையாக்குகிறது. பின்னர் கூலியாளாகிறான், குத்தகைக் குடியானவனாகிறான், மனைவியை இழக்கிறான். புரட்சியின் கோட்பாடு அவனுக்குத் தெளிவாக விளங்கவில்லை. எனினும், தன்னையும் ஒரு மனிதனாக மதிக்கும் கூட்டத்தை அங்கே காண்கிறான்.

சில்லன்பா அவனை வீரனாக்கவில்லை. அவன் குறைகளை மறைக்கவுமில்லை. பசியும் நோயும் அடிமை வேலையும் ஒருவனை எவ்விதம் உருவாக்குகின்றன என்பதை, இயற்கையை ஆராயும் பொறுமையோடு காட்டினார். போரின் காயம் ஆறுமுன்னரே எழுதப்பட்டமையால் அந்நடுநிலை அருமையுடையதாயிற்று.

1918ஆம் ஆண்டு ஒக்டோபரிலே நிறைவேறிய சட்டம், குத்தகைக் குடியானவர் தம் நிலத்தை விலைக்குப் பெற வழிசெய்தது. யுஹா போன்றோருக்கு அது காலங்கடந்த நீதி. 1939ஆம் ஆண்டு நவம்பரிலே சில்லன்பாவுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அம்மாத இறுதியில் சோவியத் படைகள் பின்லாந்தினுட் புகுந்தன. தன் குடியானவரை நன்குணர்ந்து எழுதியமைக்காகவே அவருக்கு அப்பரிசு வழங்கப்பட்டது. 1964ஆம் ஆண்டில் அவர் காலமானார். வென்றோர் எழுதும் வரலாற்றில் இடம்பெறாத யுஹாவை அறிய விரும்புவோர் இன்றும் அந்நாவலையே நாடுகின்றனர்.