புலிட்சர் இசைப் பரிசும் பாப் இசையும்: ஏட்டிலிருந்து ஒலிப்பதிவுக்கு

பாப் இசைக்கு நிலைத்த கலைமதிப்பு உண்டா என்று கேட்டால், பதில் பெரும்பாலும் சொல்பவரின் வயதை ஒட்டியே வருகிறது. இருபது வயதில் கேட்ட பாட்டு யாருக்கும் இலேசில் சாகாது. அந்த ஏக்கத்தை ஒதுக்கிவிட்டு ஆராய வேண்டுமானால், இந்தக் கேள்விக்கு ஆண்டுதோறும் முடிவு சொல்லியாக வேண்டியிருந்த ஓர் அமைப்பின் வரலாற்றைப் பார்க்கலாம். அமெரிக்காவின் புலிட்சர் இசைப் பரிசு அப்படிப்பட்டது. 1943இல் தொடங்கிய அப்பரிசு, 2018இல் ஒரு ராப் தொகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் அதிகம் மாறியது, படைப்பு எங்கே குடியிருக்கிறது என்பது பற்றிய நடுவர்களின் எண்ணம்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பாப் இசைக்கு எதிரான வழக்கைக் கூர்மையாக எழுதியவர் ஜெர்மன் மெய்யியலாளர் தியோடர் அடோர்னோ. நாஜி ஆட்சியிலிருந்து தப்பி அமெரிக்காவில் வாழ்ந்த அவர், 1941இல் வெகுஜன இசை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பாட்டின் முக்கியப் பகுதிக்கு 32 தாளக்கட்டு, குரலுக்கு ஒரு ஸ்தாயியும் மேலே ஒரு சுரமும். இந்த அச்சில் வார்க்கப்படும் பாட்டில் எந்தத் துண்டை உருவி வேறொன்றைச் செருகினாலும் முழுமைக்குச் சேதமில்லை. பேத்தோவனின் ஏழாம் சிம்பொனியில் அது நடக்காது என்றார். வலுவான வாதம்தான். இன்று வெளியாகும் பல பாடல்களும் அதற்குச் சாட்சி சொல்லும். ஆனால் அடோர்னோ எண்ணிக் காட்டியவை எல்லாம் தாளில் எழுத முடிந்தவை. குரலின் பிசிறு, வாத்தியத்தின் நிறம், பாடுபவருக்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலுள்ள தூரம் எதுவும் அந்தக் கணக்கில் ஏறவில்லை.

பரிசு தொடங்கிய அதே 1943இன் ஜனவரியில், டியூக் எலிங்டன் நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் ‘பிளாக், பிரவுன் அண்ட் பேஜ்’ என்ற நெடும்படைப்பை வாசித்தார். ஹார்லெமின் காட்டன் கிளப்பில் வாசித்து, வானொலியாலும் இசைத்தட்டாலும் நாடறிந்த குழு அவருடையது. ஜாஸ்தான் அன்றைய பாப். 1965இல் நடுவர் குழு, அந்த ஆண்டு பரிசுக்குரிய தனிப் படைப்பு ஒன்றும் தென்படவில்லை, எலிங்டனின் வாழ்நாள் பணிக்குச் சிறப்புப் பாராட்டு தரலாம் என்று பரிந்துரைத்தது. மேலிருந்த பரிசு வாரியம் மறுத்தது. அந்த ஆண்டு இசைக்குப் பரிசே இல்லை. நடுவர் மூவரில் வின்த்ரப் சார்ஜென்ட், ரொனால்ட் ஐயர் இருவரும் விலகினார்கள். 66 வயது எலிங்டன், தனக்குச் சின்ன வயதிலேயே அளவுமீறிய புகழ் வந்துவிடக் கூடாதென்று விதி கருணை காட்டுகிறது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

எலிங்டன் வாத்தியத்துக்கு எழுதியதைவிட ஆளுக்கு எழுதியதே அதிகம். டிரம்பெட் கலைஞர் கூட்டி வில்லியம்ஸுக்கென்றே 1940இல் ‘கான்செர்ட்டோ ஃபார் கூட்டி’ பிறந்தது. வேறொருவர் வாசித்தால் சுரங்கள் அவையேதான், ஆனால் கேட்பது அதுவல்ல. கர்நாடக இசை கேட்டுப் பழகியவருக்கு இதில் வியப்பில்லை. தியாகராஜர் கீர்த்தனை அச்சில் கிடைத்தாலும், யார் பாடாந்தரம் என்று கேட்காமல் நமக்குப் பேச்சு நகராது. ஐரோப்பிய மரபில் வேர்விட்ட பரிசுக்கோ எழுதிய பிரதியே படைப்பு.

எல்லாப் பழியையும் ஏட்டின்மேல் சுமத்தவும் முடியாது. ராக்டைம் இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின் ஏட்டில் எழுதியவர். 1899இல் வந்த ‘மேப்பிள் லீஃப் ராக்’ அச்சிட்ட தாளாகவே விற்றது. ‘ட்ரீமனிஷா’ என்று ஓர் ஓபராவும் எழுதினார். 1917இல் அவர் மறைந்தபோது அது முழுமையாக மேடையேறியிருக்கவில்லை. அதற்கு 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1970இல் ஜோஷுவா ரிஃப்கின் வெளியிட்ட பியானோ இசைத்தட்டும், 1973இல் ‘த ஸ்டிங்’ திரைப்படமும் அவரை மீட்டெடுத்த பிறகே, 1976இல் புலிட்சர் சிறப்புப் பாராட்டு வந்தது. கறுப்பினத்தவர் என்பதும், ராக்டைம் மதுக்கூடங்களில் வளர்ந்தது என்பதும் ஏடு இருந்தும் அவரை வெளியே நிறுத்தின. இந்தச் சிறப்புப் பாராட்டு ஒரு பக்கவாசல். அதன் வழியே நுழைந்தவர்களில் பலர் இறந்தவர்கள். எலிங்டனுக்கு 1999இல், நூற்றாண்டு விழாவின்போது கிடைத்தது. பாப் டிலனுக்கோ 2008இல், உயிரோடு இருக்கும்போதே கிடைத்தது.

ஒலிப்பதிவுக்கூடமே படைப்பிடமாக மாறியதற்குத் துல்லியமான சான்று பீட்டில்ஸின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’. 1966இன் இறுதி வாரங்களில் லண்டன் ஆபி ரோடு கூடத்தில் அதைப் பலமுறை பதிந்தார்கள். ஒரு பதிவின் தொடக்கமும் இன்னொன்றின் மீதியும் ஜான் லெனனுக்குப் பிடித்துப்போயின. இரண்டுக்கும் சுருதியும் வேறு, வேகமும் வேறு. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் ஒன்றைச் சற்று முடுக்கி மற்றதைத் தளர்த்தி, ஏழாம் பதிவையும் இருபத்தாறாம் பதிவையும் ஒட்டினார்கள். ஏறக்குறைய முதல் நிமிடம் முடியும் இடத்தில் ஒட்டு இருக்கிறது. லெனன் குரலில் படரும் மயக்கம் இந்த வேகமாற்றத்தால் வந்தது. எந்தச் சுரக்குறியாலும் அதை எழுத முடியாது. அடோர்னோவின் செருகல் சோதனையை இங்கே வைத்தால், துண்டுகளே முழுமையாகிவிட்ட விசித்திரம் தெரியும். 1967இல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் இந்தத் தட்டு முதலிடம் பெறவில்லை. முதலிடத்தில் ‘ரிலீஸ் மி’ பாடிக்கொண்டிருந்தவர் எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க், நம் மதராஸில் பிறந்தவர். விற்பனையை நிலைபேற்றுக்கு அளவுகோலாக்குவோர் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஜாஸ் படைப்பு ஒன்று முறையான பரிசைப் பெற 1997 ஆயிற்று: வின்டன் மார்சாலிஸின் ‘பிளட் ஆன் த ஃபீல்ட்ஸ்’. விதியே திருத்தப்பட்டது 2004இல். இனி எழுதிய பிரதி கட்டாயமில்லை, ஒலிப்பதிவே போதும் என்றது வாரியம். 1987இல் அதே பரிசைப் பெற்ற ஜான் ஹார்பிசன் கொதித்தார். புனைகதைக்கும் இதே விதி வந்தால் விமான நிலையக் கடைகளில் விற்கும் நாவல்களைத் தேடிப்போக வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம். அவருடைய அச்சத்தை நான் முற்றாகத் தள்ளமாட்டேன். அளவுகோலை விரிப்பதும் அளப்பதைக் கைவிடுவதும் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

2018இல் ராப் கலைஞர் கென்ட்ரிக் லமாரின் ‘டேம்’ தொகுப்பு பரிசு பெற்றது. ஹிப்-ஹாப் தாக்கமுள்ள கச்சேரிப் படைப்புகளைப் பரிசீலிக்கிறோமே, ஹிப்-ஹாப்பையே ஏன் கேட்கக் கூடாது என்ற பேச்சு நடுவர்களிடையே எழுந்ததாக அவர்களில் ஒருவரான டேவிட் ஹாஜ்டு சொன்னார். தொகுப்பின் கடைசிப் பாடல் ‘டக்வொர்த்’ முடியும்போது, ஒலிநாடா பின்னோக்கிச் சுழன்று முதல் பாடலின் தொடக்க வரியில் வந்து நிற்கிறது. 2017 டிசம்பரில் லமார் அதே பாடல்களைத் தலைகீழ் வரிசையில் மறுபடி வெளியிட்டார். வரிசை புரண்டதும் கதையின் பொருளே புரள்கிறது. உறுப்புக்கும் முழுமைக்கும் உறவு வேண்டும் என்று அடோர்னோ கேட்டது இங்கே, அவர் எதிர்பாராத வடிவில், நிறைவேறியிருக்கிறது. ஆனால் நிலைபேறு என்பதற்கு இன்னும் காலம் போக வேண்டும். ஜாப்ளினுக்கு மறைவிற்குப் பின் 59 ஆண்டுகள் ஆயின.

அதன்பின் 2019 முதல் 2025 வரை பரிசு பெற்றவை ஓபராக்களும் கச்சேரி மேடைக்கான படைப்புகளுமே. பாப் தொகுப்பு ஒன்றும் இல்லை. அந்த ஏழு ஆண்டுகளில் தகுதியுள்ள தொகுப்பே வரவில்லை என்று நம்புவது கடினம். விதி திருந்தி இருபது ஆண்டுகள் கடந்தும், நடுவர்கள் முன் வந்து குவிவதில் பெரும்பங்கு இன்னும் அரங்க இசைதான்.