கற்பிட்டி வரலாறும் கடல்கடந்த சுவடிக் களஞ்சியங்களும்

ஓர் ஊரின் வரலாற்றுச் சான்றுகள் அவ்வூரிலேயே முழுமையாகக் கிடைத்தல் அரிது. ஈழத்தின் வடமேல் கரையிலே, புத்தளக் களப்பின் வாயிலைக் காத்து நிற்கும் கற்பிட்டி இவ்வுண்மைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

போர்த்துக்கேயர் வசமிருந்த இத்துறையை ஒல்லாந்தர் 1659ஆம் ஆண்டிலே கைப்பற்றினர். 1667 முதல் 1676 வரை இன்றுள்ள கோட்டையைக் கட்டினர். கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனது நாட்டின் கடல்வணிகத்தைத் தம் கைக்குள் அடக்குதலே அவர்தம் நோக்கம். ஆயினும் அக்கோட்டையில் நிகழ்ந்தவற்றை அறிய விழையும் மாணவனுக்கு அதன் சுவர்கள் மட்டும் போதா. அவன் கடல்கடந்தும் தேடுதல் வேண்டும்.

1602 முதல் 1799 வரை நிலவிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி எழுத்தினாலே நடந்த நிறுவனமாகும். கொழும்பு ஆளுநர் பத்தாவியாவுக்கும் ஒல்லாந்துக்கும் எழுதினார். பத்தாவியா தனக்கு வந்தவற்றைச் சுருக்கித் தாயகத்துக்கு அனுப்பிற்று. கப்பல் மூழ்கினும் செய்தி மூழ்காதிருத்தற் பொருட்டு, முதன்மைக் கடிதங்களின் படிகள் வெவ்வேறு கப்பல்களில் ஏற்றப்பட்டன. இவ்வாறு பெருகிய ஏடுகளில் எஞ்சியவை கொழும்பு, யக்கார்த்தா, ஹேக், சென்னை, கேப்டவுண் ஆகிய நகரங்களில் உள்ளன. அவை ஏறத்தாழ 250 இலட்சம் பக்கங்கள் என மதிப்பிடப்படுகின்றன.

படிகள் பலவாயின், எதனை நம்புவது? கொழும்பில் விரிவாக எழுதப்பட்ட செய்தி பத்தாவியாவின் சுருக்கத்தில் ஒரு வரியாகக் குறுகலாம். படியெடுப்போன் வரியை விடுதலும் எண்ணை மாற்றுதலும் கூடும். மேலிடத்துக்கு எழுதும் அலுவலன் தன் குறையை மறைத்தலும் இயல்பே. ஆதலின் ஆராய்வோன் ஒவ்வொரு குறிப்பையும் அது வந்த களஞ்சியத்தின் பெயரோடு தனித்து வைத்து, ஒப்புநோக்கிய பின்னரே தன் நூலிற் சேர்த்தல் வேண்டும். பல ஊர் ஏட்டுப் பிரதிகளைத் தேடிப் பாடபேதம் கண்ட சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலியோரின் நெறியும் இதுவே. 2005இல் தோன்றிய ‘கிட்’ என்னும் கணினி முறையும் தொலைக்களஞ்சியம் ஒவ்வொன்றுக்கும் பெயரிடுகின்றது. அங்குள்ள மாற்றங்களைக் கொணர்தலையும், அவற்றைத் தம்முடையவற்றோடு இணைத்தலையும் வெவ்வேறு செயல்களாகவே வைத்துள்ளது.

எனினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. ஐந்து நகரங்களில் உள்ளவை ஆண்டோரின் ஏடுகள். ஆளப்பட்டோரின் ஏடுகளோ கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் வீட்டுப் பெட்டகங்களிலும் பெரும்பாலும் ஒற்றைப் படியாகவே கிடக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் படியுள்ள நூல்களை மீண்டும் பெறலாயிற்று. ஒற்றைப் படியாய் இருந்த சுவடிகள் மீளவேயில்லை.

கம்பனியார் தம் ஆதாயக் கணக்கைக் காக்கச் செய்த அளவு முயற்சியை, நாம் நம் முன்னோரின் நினைவைக் காக்கச் செய்யலாகாதா? நம் கரையோரத்து உறுதிகளையும் ஏடுகளையும் படியெடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சேமித்து, எது எங்குள்ளது என்னும் அட்டவணையையும் எழுதி வைத்தல் இத்தலைமுறையின் கடனாகும்.